கம்யூனிட்டி காலேஜிலிருந்து சான் ஹோசே ஸ்டேட்: மீதி டிகிரியை மூன்றே செமஸ்டரில் முடிக்க முடியுமா?

நொய்யல்:

எல்லோருக்கும் வணக்கம். கலிபோர்னியாவில் பிரீமாண்ட் பக்கம் ஒரு கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டு வருடக் காலேஜில், படிக்கிறேன். வரும் மே மாதம் பொருளாதாரத்தில் டிரான்ஸ்ஃபருக்கான அசோசியேட் டிகிரி, ஏடிடி, முடிகிறது. அப்போது கையில் 64 செமஸ்டர் யூனிட் (கிரெடிட்) இருக்கும். சான் ஹோசே ஸ்டேட்டில் பி.ஏ. பொருளாதாரத்துக்கு இடம் கிடைத்துவிட்டது. டேக் (தகுதி இருந்தால் டிரான்ஸ்ஃபர் இடம் உறுதி என்கிற திட்டம்) போட்டிருந்ததால் யுசி டேவிஸிலும், அதாவது கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்திலும், கிடைத்திருக்கிறது. எது என்று இன்னும் உறுதி செய்யவில்லை.

வீட்டில் அப்பா சம்பளம் மட்டும்தான். தம்பியும் அடுத்த வருடம் காலேஜ் போகிறான். நான் நான்கு செமஸ்டருக்குப் பதில் மூன்றில் முடித்து, அடுத்த வருடம் டிசம்பரில் வெளியே வந்துவிட்டால் வீட்டுக்குப் பெரிய உதவி. பட்டத்துக்கு வேண்டிய 120 யூனிட்டில் 64 போனால் 56. மூன்றாக வகுத்தால் 19, 19, 18. வாரத்துக்கு 15 மணி நேரம் கடையில் வேலையும் பார்க்கிறேன். இப்படி யாராவது முடித்திருக்கிறீர்களா? எங்கே மாட்டிக்கொள்வேன் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை:

மகளே, உன் பொறுப்புணர்வுக்கு வாழ்த்துகள். ஆனால் 19 யூனிட்டும் வேலையும் சேர்ந்தால் உடம்பு தாங்காது. ஒரு யூனிட்டுக்கு வகுப்புக்கு வெளியே வாரம் இரண்டு மணி நேரமாவது படிக்க வேண்டும் என்றுதான் இங்கே எல்லாக் காலேஜிலும் சொல்கிறார்கள். அந்தக் கணக்கில் 19 யூனிட் என்பது வாரம் 57 மணி நேரம். அதற்கு மேல் 15 மணி வேலை, அப்புறம் பயணம். என் மகளும் டிரான்ஸ்ஃபர் மாணவிதான், முதல் செமஸ்டரில் 15 யூனிட்டுக்கே திணறினாள். ஆறு மாதம் முன்னே பின்னே ஆனால் ஒன்றும் குறைந்துவிடாது.

கரிசல்மண்:

நான் ஒரு கம்யூனிட்டி காலேஜின் டிரான்ஸ்ஃபர் சென்டரில் வேலை பார்க்கிறேன். இந்தக் கேள்வி ஒவ்வொரு வசந்தத்திலும் எங்கள் மேசைக்கு வரும். வருகிறவர்கள் எல்லோரும் மொத்த யூனிட்டைச் செமஸ்டர் எண்ணிக்கையால் வகுத்துக்கொண்டுதான் வருவார்கள். அந்த வகுத்தல் கடைசியில் பார்க்க வேண்டியது. முதலில் பார்க்க வேண்டியது, ஒன்றை முடித்தால்தான் அடுத்ததை எடுக்க முடியும் என்கிற பாடச் சங்கிலி உங்கள் மேஜரில் எத்தனை செமஸ்டர் நீளம் என்பது. அது மூன்று செமஸ்டருக்குள் அடங்கினால் மற்றதையெல்லாம் சரிக்கட்டலாம். நான்கு என்றால், வாரம் முழுக்கத் தூங்காமல் படித்தாலும் மூன்றில் முடியாது.

பொருளாதாரத்தில் சங்கிலி குட்டையானது, அது உங்களுக்கு நல்ல சேதி. முதல் செமஸ்டரில் இடைநிலை மைக்ரோவும் மேக்ரோவும், இரண்டாவதில் எக்கனோமெட்ரிக்ஸ் (பொருளாதாரத் தரவைப் புள்ளியியலால் ஆராயும் பாடம்), மூன்றாவதில் கடைசி செமினார் என்ற வரிசைதான் பொதுவாக இருக்கும். ஆனால் ஒன்று கேளுங்கள்: அந்த செமினார் எல்லா செமஸ்டரிலும் நடக்கிறதா, வசந்தத்தில் மட்டுமா? வசந்தத்தில் மட்டும் என்றால் உங்கள் டிசம்பர் கனவு அங்கேயே நின்றுவிடும். கடந்த இரண்டு வருட வகுப்பு அட்டவணையை எடுத்து, மேஜருக்குக் கட்டாயமான ஒவ்வொரு பாடமும் எந்தெந்த செமஸ்டரில் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். கேட்டலாகில் இருப்பதெல்லாம் எல்லா செமஸ்டரிலும் நடப்பதில்லை.

இப்போது யூனிட் கணக்கு. உங்களுக்கு 56 பாக்கி என்கிறீர்கள். அதை 50 ஆக்க இன்னும் நேரம் இருக்கிறது. கம்யூனிட்டி காலேஜிலிருந்து கால் ஸ்டேட், அதாவது சான் ஹோசே ஸ்டேட்டும் சேர்ந்த கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழக அமைப்பு, அதிகபட்சம் 70 செமஸ்டர் யூனிட் ஏற்கும். நீங்கள் 64-ல் இருக்கிறீர்கள். மே முடிந்ததும் கோடைக்கால வகுப்பில் 6 யூனிட் எடுங்கள். கலிபோர்னியா வாசிகளுக்கு யூனிட்டுக்கு 46 டாலர், மொத்தம் 276 டாலர். அதே 6 யூனிட்டை ஒரு வருடம் கழித்துப் பல்கலைக்கழகக் கோடையில் எடுத்தால் செலவு எங்கேயோ போய்விடும்.

எந்த 6 என்பதும் முக்கியம். கால் ஸ்டேட்டில் பட்டம் வாங்க அமெரிக்க வரலாறு, அமெரிக்க அரசியலமைப்பு, கலிபோர்னியா அரசாங்கம் ஆகிய மூன்றும் கட்டாயம். ஏடிடி வாங்கிவிட்டாலே இது முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. ஜிஇ எனும் பொதுக்கல்விப் பட்டியலில் எந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. விட்டுப்போயிருந்தால் கோடையில் அதை முடித்துவிடுங்கள்.

ஹைஸ்கூலில், காலேஜ் யூனிட் வாங்கித் தரும் ஏபி தேர்வு எழுதினீர்களா? அந்த யூனிட்கள் 70 என்ற வரம்புக்குள் வராது, தனியாகச் சேரும். ஆனால் காலேஜ் போர்டிலிருந்து மதிப்பெண் நேராகப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். உங்கள் கம்யூனிட்டி காலேஜ் டிரான்ஸ்கிரிப்டில் அது இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

நொய்யல்:

அக்கா, ரொம்ப நன்றி. ஏபி சைக்காலஜியில் 4, ஆங்கில மொழியில் 4. அனுப்ப வேண்டும் என்றே தெரியாது. அமெரிக்க அரசாங்கம் பாடம் முடித்துவிட்டேன், அதில் கலிபோர்னியா பகுதியும் உண்டு. வரலாறு எடுக்கவில்லை.

கரிசல்மண்:

சைக்காலஜியை இதுவரை காலேஜில் எடுக்கவில்லை என்றால் கால் ஸ்டேட் அதற்கு 3 யூனிட் தரும். ஆங்கிலத்துக்கு 6 என்று போட்டிருக்கும். ஆனால் நீங்கள் முதலாண்டு ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தைக் காலேஜிலேயே படித்திருப்பீர்கள். ஒரே விஷயத்துக்கு இரண்டு முறை யூனிட் கிடையாது, அதனால் அந்த 6-ஐ நம்பித் திட்டம் போடாதீர்கள்.

கோடையில் வரலாறு 3, இன்னொரு பாடம் 3. அந்த இரண்டாவதை வெறும் நிரப்பலாக எடுக்காமல், எக்கனோமெட்ரிக்ஸுக்கு உதவும்படி அறிமுக புரோகிராமிங் போல ஏதாவது எடுங்கள். 70 உடன் சைக்காலஜி 3 சேர்த்தால் 73, பாக்கி 47. ஆக 16, 16, 15. 19, 19, 18 உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். டிரான்ஸ்ஃபருக்குப் பிறகு ஒரு கோடை வகுப்புகூட இல்லாமல் டிசம்பர் வந்துவிடுகிறது.

அந்த 47-க்குள் வந்தாக வேண்டியவை: மேஜரின் அப்பர் டிவிஷன் (மூன்றாம், நான்காம் ஆண்டு நிலை) பாடங்கள், அப்பர் டிவிஷன் ஜிஇ 9 யூனிட், எழுத்துத் தகுதிக்கான பாடம். பி.ஏ.வுக்கு மொத்தம் 40 யூனிட்டாவது அப்பர் டிவிஷனாக இருக்க வேண்டும், 30 யூனிட்டாவது அந்த வளாகத்திலேயே படித்திருக்க வேண்டும். 47-ல் இரண்டும் நிறைவேறிவிடும். ஆனால் எளிதான லோயர் டிவிஷன் பாடங்களை விருப்பப் பாடமாக அள்ளிப் போட இடமிருக்காது.

தென்றல்காற்று:

டேவிஸ் பற்றி நான் சொல்கிறேன். பே ஏரியா கம்யூனிட்டி காலேஜிலிருந்து யுசி டேவிஸ் போய்ப் படித்து முடித்தவன்.

டேவிஸில் குவார்ட்டர் முறை, அதாவது பத்து வாரப் பருவங்கள். பட்டத்துக்கு 180 குவார்ட்டர் யூனிட். ஒரு செமஸ்டர் யூனிட் ஒன்றரை குவார்ட்டர் யூனிட்டுக்குச் சமம். யுசியும் கம்யூனிட்டி காலேஜிலிருந்து 70 செமஸ்டர் யூனிட்தான் ஏற்கும், அதாவது 105 குவார்ட்டர் யூனிட். நீங்கள் 70 தொட்டுவிட்டால் பாக்கி 75. குவார்ட்டருக்கு 15 என்றால் ஐந்து குவார்ட்டர்: இலையுதிர், குளிர், வசந்தம், மறுபடி இலையுதிர், குளிர். மார்ச்சில் முடியும். இடையில் ஒரு கோடை முழுக்க வகுப்பு எடுத்தால் டிசம்பர். அங்கே கோடையில் ஆறு வாரப் பகுதிகள் இரண்டு உண்டு.

சங்கிலி விஷயத்தில் குவார்ட்டர் முறை சாதகம். மூன்று பாடச் சங்கிலி ஒரே கல்வியாண்டில் ஓடிவிடும், செமஸ்டரில் அதற்கு ஒன்றரை வருடம் ஆகும். ஆனால் வேகம் கடுமை. பத்து வாரப் பாடத்தில் நான்காவது வாரமே மிட்டெர்ம் வந்து நிற்கும். செமஸ்டர் காலேஜிலிருந்து வருகிறவர்களுக்கு முதல் குவார்ட்டர் அதிர்ச்சிதான், அதில் 19, 20 யூனிட் போட்டுக்கொண்டு யாரும் இறங்கக் கூடாது.

இன்னொன்றைப் பலர் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. யுசிக்குப் போன பிறகு, கோடையில் ஊருக்கு வந்து பழைய கம்யூனிட்டி காலேஜில் மலிவாக இரண்டு பாடம் எடுத்துவிடலாம் என்று நினைப்பார்கள். 70 தாண்டிவிட்டால் அந்தப் பாடத்துக்குப் பாட அளவில் அங்கீகாரம் கிடைக்கும், யூனிட் ஒன்றுகூடச் சேராது. அப்பர் டிவிஷன் பாடங்களுக்கு அது எப்படியும் பயன்படாது. கடைசி 45 யூனிட்டில் 35 அந்த வளாகத்திலேயே எடுக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. கிளெப் என்கிற, வகுப்புக்குப் போகாமலே யூனிட் தரும் தேர்வு எழுதி யூனிட் சேர்க்கலாம் என்று யாராவது சொன்னால், அது கால் ஸ்டேட்டில் செல்லும், யுசியில் செல்லாது.

செலவை வைத்து முடிவு செய்வதென்றால் சான் ஹோசேதான். யுசி கட்டணமே ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதற்கு மேல் டேவிஸில் வாடகை. பிரீமாண்ட்டிலிருந்து பார்ட் ரயிலில் பெரியெஸ்ஸா வரை போய், அங்கிருந்து விடிஏ பஸ் பிடித்தால் சான் ஹோசே ஸ்டேட். வீட்டுச் சாப்பாடும் கிடைக்கும். டேவிஸின் பொருளாதாரத் துறை நல்ல துறை, அதை மறுக்கவில்லை. பிஎச்.டி. எண்ணம் இருந்தால் நான் டேவிஸைச் சொல்வேன். வேலைக்குப் போய் வீட்டைத் தாங்க வேண்டும் என்பது நோக்கமானால் சான் ஹோசே.

மலைத்தேன்:

நானும் இதே எண்ணத்தில் இருக்கிறேன், இழையில் நுழைந்ததற்கு மன்னிக்கவும். மெக்கானிக்கல் இன்ஜினியரிங். 82 யூனிட் முடித்துவிட்டேன், கால்குலஸ் வரிசை, இயற்பியல் வரிசை, ஸ்டாடிக்ஸ் எல்லாம் ஆயிற்று. 82 என்றால் பாக்கி குறைவுதானே, ஒன்றரை வருடத்தில் முடியுமா?

கரிசல்மண்:

தம்பி, உங்களுக்கு நேராகச் சொல்கிறேன்: மிகவும் கடினம். 82-ல் 70-க்குத்தான் யூனிட். மிச்சம் 12-ம் வீணில்லை, அந்தப் பாடங்களை மறுபடி படிக்க வேண்டியதில்லை. ஆனால் உங்களைத் தடுக்கப் போவது யூனிட் அல்ல. ஸ்டாடிக்ஸ் முடித்து டைனமிக்ஸ், மெட்டீரியல்ஸ் வலிமை, தெர்மோ, ஃப்ளூயிட்ஸ், அப்புறம் ஹீட் டிரான்ஸ்ஃபர், மெஷின் டிசைன், இவற்றில் பெரும்பகுதி முடிந்த பிறகு சீனியர் டிசைன் என்கிற இறுதியாண்டு ப்ராஜெக்ட். அந்த சீனியர் டிசைன் பெரும்பாலான இடங்களில் ஒரு முழு வருடம் ஓடும், பல இடங்களில் இலையுதிரில் மட்டும்தான் தொடங்கும். அதற்கான தகுதி முதல் வருடத்துக்குள் வந்தால் இரண்டு வருடம், வராவிட்டால் இரண்டரை அல்லது மூன்று. உங்களுக்கு லாபம் எது என்றால், டைனமிக்ஸும் மெட்டீரியல்ஸும் உங்கள் காலேஜிலோ பக்கத்துக் காலேஜிலோ இருந்தால் போவதற்கு முன்பே முடித்துவிடுவது. உங்கள் வளாகம் ஏற்குமா என்பது அசிஸ்ட் என்கிற இணையதளத்தில் காலேஜ் வாரியாக இருக்கும்.

வரிசைப் பாடங்களைப் பாதியில் பிரிக்காதீர்கள். டி ஆன்சா, ஃபுட்ஹில் இரண்டும் குவார்ட்டர் காலேஜ்கள், சுற்றியுள்ள மற்றவை செமஸ்டர். கால்குலஸில் பாதி இங்கே, பாதி அங்கே என்று எடுத்து, நடுவில் ஒரு தலைப்பு விடுபட்டு, பல்கலைக்கழகம் முழு வரிசையையும் ஏற்காமல் நிற்கிற மாணவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. நன்றாகப் படித்த பிள்ளைகள் அவர்கள்.

குமரிமுனை:

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் இந்த இழையைப் படித்தால், அவர்களுக்குச் சில விஷயங்கள் மாறும். நான் அப்படி வந்தவன்.

உள்ளூர் மாணவர்களுக்குக் கால் ஸ்டேட்டில் 6 யூனிட்டுக்கு மேல் எத்தனை எடுத்தாலும் அடிப்படைக் கட்டணம் ஒன்றுதான். அதனால் 12 எடுப்பவரும் 16 எடுப்பவரும் அதே கட்டணம் கட்டுகிறார்கள். நமக்கு அப்படியில்லை, வெளிமாநிலத்தவருக்கான கூடுதல் கட்டணம் யூனிட் வாரியாக ஏறும். செமஸ்டரில் அதிகம் எடுப்பதால் படிப்புக் கட்டணம் குறையாது, வாடகையும் சாப்பாட்டுச் செலவும்தான் குறையும். யுசியில் அந்தக் கூடுதல் கட்டணம் முழுநேர மாணவருக்கு மொத்தமாக வரும், ஆகவே அங்கே சீக்கிரம் முடித்தால் உண்மையாகவே மிச்சம்.

12 யூனிட் முழுநேரக் கணக்கில் ஆன்லைன் பாடம் ஒன்று, அதாவது 3 யூனிட் வரைதான் சேரும். சீக்கிரம் முடிக்க ஆன்லைன் வகுப்புகளாக அள்ளிப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சிபிடி, அதாவது படிக்கும்போதே துறை சார்ந்த வேலை பார்க்கும் அனுமதி, வாங்க ஒரு கல்வியாண்டு முழுநேரம் படித்திருக்க வேண்டும். பட்டம் முடிந்ததும் ஓபிடி என்கிற வேலை அனுமதி 12 மாதம், ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், இன்ஜினியரிங், கணிதம்) என்றால் மேலும் 24 மாதம். பொருளாதாரக்காரர்களுக்கு இங்கேதான் உயிர்நாடி: பொதுப் பொருளாதாரம் என்று 45.0601 என்கிற பாடத்துறைக் குறியீட்டில் பட்டம் வந்தால் ஸ்டெம் கிடையாது, எக்கனோமெட்ரிக்ஸ் மற்றும் அளவுப் பொருளாதாரம் என்று 45.0603-ல் வந்தால் உண்டு. எந்த வளாகத்தில் எந்தக் குறியீடு என்று விசாவுக்கான ஐ-20 படிவம் வாங்கும் முன் கேளுங்கள். ஆறு மாதம் சீக்கிரம் முடித்து, இரண்டு வருட வேலை அனுமதியை இழப்பதில் என்ன பயன்?

வைகைக்கரை:

கரிசல்மண் போட்ட கணக்கைப் பார்த்த பிறகு என் கவலை பாதி குறைந்தது. 16 யூனிட் என்றால் முடியும். ஆனால் ஒன்று இன்னும் மனதில் இருக்கிறது. நான்கு செமஸ்டர் படித்தாலும் நடுவில் வருவது ஒரே ஒரு கோடைதான், மூன்றிலும் அதே ஒரு கோடைதான். அந்த ஒரு கோடையில் இன்டர்ன்ஷிப் கிடைக்க வேண்டும். அதற்கான நேர்காணல்கள் முதல் இலையுதிரிலேயே தொடங்கிவிடும், அப்போது புதுப் பல்கலைக்கழகத்தில் இவளுக்கு ஒரு கிரேடுகூட இருக்காது. என் மகளுக்கு அதுதான் நடந்தது. இரண்டாவது வருடம் முழுக்க இருந்ததால் பேராசிரியர் ஒருவரோடு ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தாள், அவர் பரிந்துரையில் வேலை கிடைத்தது. அந்த ஆறு மாதம் அவளுக்கு வீண் போகவில்லை. டிசம்பரில் வெளியே வருகிறவர்களுக்கு, மே மாதம் வருகிறவர்களுக்கு நடக்கும் வேலை நியமனச் சுற்று கிடைக்குமா என்பதையும் யோசிக்க வேண்டும்.

கரிசல்மண்:

வைகைக்கரை ஐயா சொல்வதை நான் முழுக்க ஏற்கிறேன். கோடை காலியாக இருப்பதே இந்தத் திட்டத்தின் பெரிய நன்மை. அதை வகுப்பால் நிரப்பியிருந்தால் நானே வேண்டாம் என்றிருப்பேன். ஒரு மாற்றுவழியும் உண்டு: மூன்றாவது செமஸ்டரில் எல்லாம் முடிகிற நிலையில், நல்ல ஆய்வு வேலையோ இன்டர்ன்ஷிப்போ கையில் இருந்தால் ஒரு பாடத்தை வசந்தத்துக்குத் தள்ளிவைக்கலாம். 6 யூனிட்டும் அதற்குக் குறைவும் என்றால் கட்டணமும் குறைவான படியில் வரும். ஆனால் உதவித்தொகையும் அதற்கேற்பக் குறையும், அதை நிதியுதவி அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டும்.

நொய்யல், நிதியுதவி பற்றி இன்னொன்று. கடைசிக் கல்வியாண்டில் ஒரே ஒரு செமஸ்டர் படித்து டிசம்பரில் முடித்தால், மத்திய அரசின் மாணவர் கடன் வரம்பு முழு வருடத்துக்கானதாக இருக்காது, பாடச் சுமைக்கு ஏற்பக் குறைத்துக் கணக்கிடுவார்கள். கடனை நம்பி அந்த செமஸ்டரைத் திட்டமிடுகிறீர்கள் என்றால் இப்போதே எழுதிக் கேளுங்கள்.

நொய்யல்:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அப்பாவிடம் இந்த இழை முழுவதையும் வாசித்துக் காட்டினேன். சான் ஹோசே என்று முடிவு செய்துவிட்டோம்.

துறை அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். செமினார் இரண்டு செமஸ்டரிலும் இருந்திருக்கிறது. ஆனால் எனக்குப் பிடித்த தொழிலாளர் பொருளாதாரப் பாடம் வசந்தத்தில் மட்டும், அதனால் அதை இரண்டாவது செமஸ்டரில் வைத்திருக்கிறேன். முதல் செமஸ்டரில் மைக்ரோ, மேக்ரோ, எழுத்துப் பாடம், இரண்டு அப்பர் டிவிஷன் ஜிஇ. கடையில் வேலையை 10 மணி நேரமாகக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார்கள். கோடையில் வரலாறும் பைத்தான் பாடமும்.

கடைசியாக ஒரு சந்தேகம்: முதல் செமஸ்டரிலேயே மைக்ரோவும் மேக்ரோவும் கிடைக்காவிட்டால் எல்லாம் கவிழ்ந்துவிடுமே, அதற்கு என்ன செய்வது?

தென்றல்காற்று:

ஓரியண்டேஷனுக்குக் கிடைக்கிற முதல் தேதியை எடுத்துவிடுங்கள். பதிவு பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் திறக்கும், கடைசித் தேதியில் போகிறவர்களுக்குக் காலை எட்டு மணி வகுப்பும் வெயிட்லிஸ்ட்டும்தான் மிஞ்சும்.

கரிசல்மண்:

ஆமாம். ஓரியண்டேஷனுக்கு முன்பே துறை ஆலோசகருக்கு இந்த மூன்று செமஸ்டர் திட்டத்தை ஒரே பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். டிசம்பரில் பட்டம் முடிக்கத் திட்டமிடுகிறேன், மைக்ரோ மேக்ரோ இரண்டும் இந்த செமஸ்டரே வேண்டும் என்று காரணத்தோடு சொல்லுங்கள். இரண்டில் ஒன்று மட்டும் கிடைத்தால் எக்கனோமெட்ரிக்ஸுக்கு எது முன்தேவையோ அதைப் பிடியுங்கள், மற்றதை வசந்தத்தில் எடுக்கலாம். வெயிட்லிஸ்ட்டில் இருந்தால் முதல் நாள் வகுப்புக்கு நேரில் போய் உட்காருங்கள், முதல் வாரத்தில் நிறைய பேர் விலகுவார்கள்.

கோடை முடிந்ததும் டிரான்ஸ்கிரிப்ட் இன்னொரு முறை அனுப்ப வேண்டும். மே மாதத்தில் அனுப்பியதில் கோடைப் பாடங்கள் இருக்காது. செப்டம்பரில் உங்கள் டிரான்ஸ்ஃபர் கிரெடிட் அறிக்கையைத் திறந்து, 73 யூனிட்டும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏதாவது விட்டுப்போயிருந்தால் அந்தப் பாடத்தின் சிலபஸோடு உடனே மனு போடுங்கள். சிலபஸ்களை இப்போதே, உங்கள் காலேஜ் கணக்கு திறந்திருக்கும்போதே, இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்மா.